கறுப்பு பாட்டிலும் காலி பைப்பும்

குடிக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்காமல் நிற்பதற்குச் சம்பளம் கொடுத்தால், அதற்குப் பெயர்தான் பார் பேரர் வேலை.

ராஜபாளையத்தில் மில் முதலாளிகளும் மேனேஜர்களும் டாக்டர்களும் சாயங்காலம் வந்து சீட்டு விளையாடுகிற கிளப் ஒன்றில், எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பதினாறு வருஷம் அந்த வேலையில் நின்றேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை, நானும் தொட்டதில்லை. ஆனால் எந்த மெம்பர் எத்தனையாவது கிளாஸில் அழுவார், எவர் எத்தனையாவதில் சம்பந்தி வீட்டைத் திட்ட ஆரம்பிப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்களும் ஜவுளிக்கடையிலோ ஓட்டலிலோ ஏதோ ஒரு கவுண்டரிலோ நின்று, "சரிங்க சார்" சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவர் என்றால், இது பாதி உங்கள் கதைதான். மீதிப் பாதி ஒரே ஒரு மெம்பரைப் பற்றியது. அவரை நினைக்காமல் இன்றைக்கும் என்னால் ஒரு சோடாவைக்கூட உடைக்க முடிவதில்லை.

கிணற்றில் இறங்கிய பாட்டில்

அவர் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே சொல்கிறேன். வாலிபத்தில் மில் செலவில் இரண்டு வருஷம் இங்கிலாந்து போய் மெஷின் வேலை படித்துவிட்டு வந்தவர். போகும்போது பெட்டி நிறைய ஊறுகாய் கொண்டுபோனாராம். வரும்போது இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர். இன்னொன்று, வாயில் ஒரு மரப் பைப். வாரம் முழுக்க ஸ்டவுட்டைத் தொட மாட்டார், பைப்பைப் பற்றவைக்க மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வேப்பமரத்தடி மேசை, ஒரு பாட்டில், இரண்டு தடவை நிரப்பிய பைப். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

நான் சேர்ந்த முதல் சனிக்கிழமை, சுறுசுறுப்பைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு, பாட்டிலை உள்ளேயே திறந்து, கிளாஸில் ஊற்றி, நாலு ஐஸ் கட்டியும் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். மாஸ்டர் ஸ்பூனை எடுத்து, ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக அள்ளி வேப்பமரத்து வேரில் போட்டார். பிறகு என்னைக் கிளப்பின் பின்னால் இருக்கிற கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஃபிரிட்ஜில் வைத்தால் இந்தச் சரக்கு செத்துப்போகும், வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலில் வெந்துபோகும், கிணறு ஒன்றுதான் சரி என்றார். அன்றையிலிருந்து சனிக்கிழமை வந்து இறங்கியதும் என் முதல் வேலை, ஒரு வாளியில் பாட்டிலை வைத்துத் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் கயிற்றை இறக்குவது.

அதோடு விடவில்லை. மூடியைத் திறக்கும்போது பாட்டில் விடுகிற மூச்சைத் தான் கேட்க வேண்டும் என்றார். பெரிய மனுஷர் இப்படியும் பிடிவாதம் பிடிப்பாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "பாண்டி, என் கண்ணு முன்னாடி தெறக்காத பாட்டில் எனக்குப் பாட்டிலே இல்ல, கேட்டியா?"

புளி போட்டு விளக்கியது

எங்கள் வீட்டில் எச்சில் என்றால் பெரிய விஷயம். டம்ளரை உதட்டில் வைத்தால் அம்மா கையில் இருப்பதை வீசுவாள். அப்படி வளர்ந்த எனக்கு, வாயில் வைத்து வைத்து எடுக்கிற அந்தப் பைப்பைத் தொடவே முதலில் கூசியது. ஒரு சனிக்கிழமை அதை என்னிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். உள்ளே பார்த்தேன். கருகிய தோசைக்கல் மாதிரி கனமாக ஒரு பொருக்கு. ஐயோ பாவம், இவ்வளவு பெரிய வீட்டில் இதைக் கழுவிக்கொடுக்க ஆள் இல்லையே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. கத்தியால் பொருக்கையெல்லாம் சுரண்டினேன். புளி போட்டு விளக்கினேன். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசி, வெயிலில் காயவைத்தேன். குத்துவிளக்கு கெட்டது போங்கள்.

அடுத்த வாரம் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்து நீட்டினேன். அவர் எடுத்து மோந்து பார்த்தார். சுண்டு விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவை புகைக்கும்போதும் ஒரு நூல் கனத்துக்குப் படிகிற அந்தக் கரிதான் புகையிலைக்கு இனிப்பைக் கொடுக்கிறது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை. அவருக்கு அதற்குமேல் ஒன்பது வருஷம்தான் இருந்தது என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. சோப்பு வாசனை அடிக்கிற பைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இருபத்திரெண்டு வருஷம் கொஞ்சங்கொஞ்சமாச் சேத்த கரி. சரி விடு, இன்னும் இருபத்திரெண்டு வருஷம் இருந்து சேத்துக்கிருவோம்."

மில் கேட்டில் மணல் அபிஷேகம்

பஞ்சு மில் கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். மாஸ்டருக்கும் அதே சட்டம்தான். அதனால் மில்லுக்குள் அவர் வெறும் பைப்பைக் கடித்துக்கொண்டே நடப்பார். பைப் வலது கடைவாயில் இருந்தால் நல்ல மூடு, இடது பக்கம் போனால் யாரும் எதிரில் வர மாட்டார்களாம்.

ஒரு சனிக்கிழமை பாதி பைப் புகைந்துகொண்டிருக்கும்போது மில்லிலிருந்து ஆள் வந்தது, ஏதோ மெஷின் நின்றுவிட்டது என்று. பைப்பை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினார். பைப் இல்லாமல் அவருக்கு வேலை ஓடாதே என்று நான் அதைக் கிளப் துணியில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளப் சைக்கிளை மிதித்தேன். எதிர்காற்று. பையில் இருந்தது அணைந்துவிட்டது என்று நான் நினைத்தேன், அது நினைக்கவில்லை. மில் கேட்டுக்குப் போவதற்கும் என் நெஞ்சிலிருந்து புகை வருவதற்கும் சரியாக இருந்தது. வாட்ச்மேன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சுவரில் தொங்கிய சிவப்பு வாளியை எடுத்து, உள்ளே இருந்த மணலை என் தலைவழியாகக் கொட்டினார். கொட்டிவிட்டுத்தான் பேசினார். "ஏலே, இங்க எமனே வந்தாலும் தீப்பெட்டியக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும், நீ தீக்கங்க மடியில கட்டிக்கிட்டு வாரியா!"

தொட்டுக்கொள்ள

மற்ற மெம்பர்களுக்கு மிக்சர், ஆம்லெட், வறுத்த முந்திரி. மாஸ்டருக்கு எங்கள் ஊர்ப் பால்கோவா. வாரா வாரம் சுடச்சுட வாங்கி, இலையில் மடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். முதலில் ஒரு வாய் ஸ்டவுட். நாக்கில் அந்தக் கசப்பு நிற்கும்போதே நகக்கண் அளவு பால்கோவா. இரண்டும் கரைந்தபிறகு ஒரு இழுப்பு புகை. மூன்றும் ஒன்றையொன்று தள்ளாமல் வரிசையில் நிற்க வேண்டும் என்பார். சாப்பிடுகிறபோது கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மனிதர் ஒரு பாட்டிலை ஒன்றரை மணி நேரம் இவ்வளவு மரியாதையாகக் குடித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குடிக்காத எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு ருசியாக இருந்தது.

கிளப் செக்ரட்டரிக்கு மட்டும் இது பொறுக்காது. ஒருநாள் நேராக மேசைக்கே வந்து, இலையையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், இது பாரா, இல்ல வளைகாப்பு வீடா?"

சட்டை வாசனை

புகையிலை டப்பா வருஷத்துக்கு ஒரு தடவை, கப்பலில் வேலை பார்க்கிற அவருடைய தங்கை மகன் மூலமாக வரும். சித்திரை வெயிலில் அது காய்ந்து சருகாகிவிடும். இங்கிலாந்தில் டப்பாவுக்குள் ஆப்பிள் தோலைப் போட்டு ஈரம் காப்பார்களாம். இங்கே ஆப்பிள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாங்குகிற பழம். எனவே நான் மாம்பழத் தோலைப் போட்டேன். மூன்றாம் நாள் டப்பாவுக்குள் முடி முளைத்திருந்தது. கடைசியில் ஒரு துண்டு உருளைக்கிழங்குதான் கைகொடுத்தது. அந்தப் புகை என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். பாரில் வேலை என்று சொல்லி என்னைக் கட்டிவைத்தபோது மூன்று நாள் அழுதவள் என் வீட்டுக்காரி. அவளே ஒருநாள் சட்டையைத் துவைக்கப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மத்த பார்ல வேலை பாக்கிறவிய சட்டையெல்லாம் நாறுதாம். உங்க சட்டை மட்டும் கோயிலுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு."

ஏல் வெடித்த சனிக்கிழமை

ஒரு கோடையில் மாஸ்டருக்கு ஏல் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டவுட் குளிருக்கு, ஏல் வெயிலுக்கு என்பார். இங்கிலாந்தில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் செம்பு நிறத்தில், பழ வாசனையோடு தானே காய்ச்சிக் கொடுப்பாராம். இங்கே கடையில் கிடைக்கிற பீரெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காதாம். "செஞ்சு பாத்துருவோம்" என்றார். சட்டப்படி தப்பு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாட்டுமருந்துக் கடையில் பார்லி வாங்கி, முளைகட்டி, வறுத்து இடித்தோம். கருப்பட்டி போட்டோம். பேக்கரியில் ஈஸ்ட் கேட்டு வாங்கினோம். கசப்புக்கு அங்கே ஏதோ ஒரு கொடியின் பூவைப் போடுவார்களாம். மாஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார், வேப்பமரம் பூத்துக் கிடந்தது. மூடி அடைக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் சோடா கம்பெனி வைத்திருந்த ஞானமுத்து அண்ணாச்சியைப் பிடித்தேன். கலர் பாட்டிலுக்குத் தகர மூடி அடைக்கிற கை மிஷின் அவரிடம் இருந்தது. பன்னிரண்டு பாட்டில். ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்தோம்.

ஒன்பதாம் நாள், சீட்டாட்டம் சூடு பிடித்த நேரம், முதல் பாட்டில் வெடித்தது. அடுத்தடுத்து இன்னும் பத்து. பெரிய பெரிய முதலாளிகள் மேசைக்கு அடியில் இருந்தார்கள். தப்பித்த ஒன்றை மாஸ்டர் சாக்கைச் சுற்றி, வாளிக்குள் வைத்துத் திறந்தார். முக்கால்வாசி நுரையாகப் போனது. மிச்சத்தை மோந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, மேற்கே மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இல்ல பாண்டி. ஆனா அதோட தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. மறுநாள் உடைந்த பாட்டில்களைப் பார்க்க வந்த ஞானமுத்து அண்ணாச்சி ஒவ்வொரு கழுத்தாக எடுத்துச் சோதித்தார். மூடி ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. "என் மூடியில குத்தம் இல்ல சார். உள்ள போனவன்தான் கோவக்காரன்."

பின்வாசல்

தொண்ணூறுகள் பிறந்த சமயம். மாஸ்டர் ரிட்டயராகி மூன்று வருஷம் இருக்கும். நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இருதயம் பெருத்துவிட்டது, குடி, புகை, உப்பு மூன்றும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதம் அவர் வரவில்லை. சனிக்கிழமை வந்ததும் என் கை தானாகப் பாட்டிலை வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கும். எட்டு மணிக்குத் தூக்கி, திரும்ப உள்ளே கொண்டுபோய் வைப்பேன்.

அப்படி ஒரு மத்தியானம் பின்வாசலில் ஒரு அம்மா குடையோடு நின்றார். மாஸ்டரின் மனைவி. அந்த வீட்டுப் பெண்கள் கிளப் பக்கமே வர மாட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மகனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை "நாயனா" என்று கூப்பிட்டார். மாஸ்டர் யாரிடமும் பேசுவதில்லையாம். சாப்பாட்டை ஒதுக்கிவிடுகிறாராம். சனிக்கிழமை ஆனால் ஆறு மணிக்குச் சட்டை மாற்றி, ஷூ போட்டுக்கொண்டு, காலி பைப்பைக் கடித்தபடி நாற்காலியில் உட்காருகிறாராம். எட்டு மணிக்கு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாராம். "ஒரு மிடறு குடுக்கலாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். கூடவே கூடாதுன்னுட்டாரு. நெறம் இருக்கட்டும், நொரை இருக்கட்டும். உள்ள மட்டும் வேற எதாச்சும் இருக்கட்டுமே" என்றார்.

நான் மறுத்தேன். அவர் கண்முன்னால் மூடியைத் திறக்கிற கை அம்மா இது, இதை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். அந்த அம்மா குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். "அவருக்கு ஒரு சனிக்கிழமை வேணும் நாயனா. எனக்கு அவரு வேணும்."

ஞானமுத்து அண்ணாச்சியின் பாவம்

அண்ணாச்சியும் நானும் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நன்னாரி, கருக்கிய சீனி, காப்பி டிகாக்ஷன், ஒரு கரண்டி வேப்பம்பூக் கசாயம். அதன்மேல் கேஸ். முதல் தடவை செய்ததை அண்ணாச்சியின் வீட்டுக்காரி துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார். மூன்றாம் தடவை நிறம் வந்தது, நுரையும் ஓரளவுக்கு நின்றது. கிளப்பில் கிடந்த பழைய ஸ்டவுட் பாட்டில்களை லேபிள் நனையாமல் கழுவினேன். மூடியிலும் கம்பெனி பேர் இருக்குமே. பழைய மூடிகளைப் பொறுக்கி, வளைவு குறைந்ததாகப் பார்த்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தேன். ஒரு கள்ள நோட்டு அடிக்கிறவனுக்குக்கூட இவ்வளவு கை நுணுக்கம் வந்திருக்காது. அண்ணாச்சி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். முதல் பாட்டிலை மிஷினில் வைத்து நெம்புகோலை இழுத்தார், இழுத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். "ஆண்டவரு தண்ணியத் திராட்ச ரசமாக்கினாரு. நாம ரெண்டு பேரும் ரசத்தத் தண்ணியாக்குதோம்லே."

எட்டு மாதம்

மாஸ்டர் காரில் வந்து இறங்கினார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. வேப்பமரத்தடி மேசை, ஈரம் சொட்டுகிற பாட்டில், இலையில் கொஞ்சமே கொஞ்சம் பால்கோவா. நான் மூடியைத் திறந்தேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. என் கைதான் ஆடியது. அவர் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றி, மூக்கருகில் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு குடித்தார். "மாத்திரை தின்னு தின்னு நாக்கு மரக்கட்டையாகிருச்சு பாண்டி. சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது" என்றார். பைப்பில் புகையிலையை நிரப்பினார், ஆனால் பற்றவைக்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மில்லுக்குள்ள முப்பது வருஷம் வெறும் பைப்பத்தான கடிச்சேன்" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அவர் சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், பேரனைத் திட்டுகிறார் என்று டிரைவர் வந்து சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மூடியைத் திறக்கிற அந்த ஒரு நொடி மட்டும் கூனிக் குறுகிப்போவேன். பதினாறு வருஷத்தில் யாருக்கும் அளவில் ஒரு சொட்டு குறைத்ததில்லை நான். ஒருநாள் அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பேரர் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே கேட்டேன். "ஏமிரா பாண்டி, எல்லாரும் எங்கிட்ட எதையோ மறைக்காங்க. டாக்டர் சரியாப்போகும்ங்கான், வீட்ல உப்பில்லாத கொழம்ப ருசிங்கா. நீ ஒருத்தன்தான் எல்லாத்தையும் என் கண்ணு முன்னாடி தெறக்குத."

நிஜமான பாட்டில்

மழை தொடங்கியபோது அவருக்குக் கால் வீங்கியது. அந்த அம்மா திரும்பப் பின்வாசலுக்கு வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இனி வைத்தியம் செய்ய ஒன்றுமில்லை, கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாஸ்டரிடம் யாரும் சொல்லவில்லையாம். "இனிமே நெசத்தையே குடு நாயனா" என்றார். அவர் ஒருத்தருக்காக மட்டுமே வாங்கிக்கொண்டிருந்ததால் கிளப்பில் ஸ்டவுட் வருவது எப்போதோ நின்று, மிச்சமிருந்ததும் கெட்டுப்போயிருந்தது. லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி இரண்டு பாட்டில் கிடைத்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு, இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். எட்டு மாதப் பொய் இன்றோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவரை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கிணற்றிலிருந்து தூக்கிய பாட்டிலைக் கொண்டுபோய்த் திறந்தேன். கை ஆடவில்லை. நுரை இரண்டு விரல் கனத்துக்குப் பாலாடை மாதிரி எழும்பி நின்றது. மாஸ்டர் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சந்தோஷத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்தார். கிளாஸை என் பக்கம் தள்ளினார். "இது வேணாம் பாண்டி. நீ வழக்கமா எனக்குக் குடுக்கிறதக் கொண்டா."

அண்ணாச்சி அடைத்த பாட்டில் உள்ளே இருந்தது. கொண்டுவந்து திறந்தேன். அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நாக்கு பழகிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஒதுக்கிய கிளாஸை உள்ளே கொண்டுபோய்க் கழுவப் போனவன், கழுவவில்லை. நானே குடித்தேன். வாழ்நாளில் முதல் தடவை, அதுவும் இன்னொருத்தர் எச்சில். கசந்தது. அந்தக் கசப்புக்குப் பின்னால் கருகிய வாசனையோடு ஏதோ ஒரு இனிப்பு மெதுவாக வந்தது. இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு குடித்திருக்கிறார், இதைத்தான் எட்டு மாதம் அவரிடமிருந்து பிடுங்கி வைத்தேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். நிரப்பிய பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். எட்டு மாதத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டார். "தீப்பெட்டி இருக்கா பாண்டி?"

படையல்

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மூன்று வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டார். காரியத்தன்று டிரைவர் வந்து, அம்மா கூப்பிடுகிறார் என்றான். படத்துக்கு முன்னால் இலை போட்டு அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள். உப்புப் போட்ட குழம்பு வைத்திருந்தார்கள். பைப் இருந்தது. பால்கோவாவை நான் கொண்டுபோயிருந்தேன். பாட்டிலை வேறு யாரும் திறக்கக் கூடாது, நான்தான் திறக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாராம். என் பையில் மதுரையில் வாங்கியதில் மிஞ்சியது ஒன்றும், அண்ணாச்சி அடைத்தது ஒன்றும் இருந்தன. எதைத் திறக்க என்று கேட்டேன்.

அந்த அம்மா இலையையே பார்த்துக்கொண்டு பேசினார். "அவருக்கு மொத வாரமே தெரியும் நாயனா. நாக்குத்தான் மரத்துச்சு, மூக்கு இருக்குல்ல, நன்னாரி வாசம் தெரியாதான்னு வீட்டுக்கு வந்து சிரிச்சாரு. பாண்டிகிட்டச் சொல்லிராத, பாவம், மூடி தெறக்கையில கை நடுங்குதுன்னாரு."  தெரிந்தேதான் எட்டு மாதம் அந்தக் கஷாயத்தைக் கண்ணை மூடிக் குடித்திருக்கிறார். நன்னாரி வருகிற வரைக்கும் இன்னும் பிழைக்க வைக்கப் பார்க்கிறார்கள் என்று நம்பியிருக்கிறார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார்: "அந்தக் கடைசிச் சனிக்கிழமை வந்து, ஷூவக் கழட்டிக்கிட்டே சொன்னாரு. பாண்டி இன்னைக்கு நெசமான பாட்டிலத் தெறந்துட்டான், அப்ப டாக்டர் கைய விரிச்சிட்டாருன்னு."

நான் அண்ணாச்சி அடைத்த பாட்டிலை எடுத்து, படத்தில் இருந்த மாஸ்டர் கண்முன்னால் வைத்துத் திறந்தேன், கை நடுங்கியது.

எந்தப் பாட்டிலை எப்படித் திறப்பது என்று அத்தனை வருஷம் கற்றுக்கொண்ட எனக்கு, திறக்கவே கூடாத பாட்டில் ஒன்றும் இந்தத் தொழிலில் உண்டு என்பது, அதையும் திறந்து வைத்த பிறகுதான் தெரிந்தது.